கையிலிருக்கும் போனில் முதல் குறும்படம்: செலவு, அனுமதி, ஒலி, யூடியூப் வரை ஒரு வழிகாட்டி

கேமரா வாங்கினால்தான் வீடியோ எடுக்கத் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த நடுத்தர விலை போன் எதுவானாலும் முதல் படத்துக்குப் போதும். புதியவர்களின் படங்கள் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: வசனம் காதில் விழாது, எடுத்த இடத்துக்கோ போட்ட பாட்டுக்கோ அனுமதி இருக்காது, எடுத்த கோப்புகள் தொலைந்துபோயிருக்கும். மூன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்துவிட்டால் மீதி எல்லாம் பழகப் பழக வந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து எடுப்பவர்களை மனதில் வைத்து, செய்யவேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் படத்தின் அளவைச் சுருக்குங்கள்

மூன்று நிமிடம், இரண்டு நடிகர்கள், ஒரே இடம், பகல் நேரம். முதல் படத்துக்கு இதைத் தாண்டாதீர்கள். இரவுக் காட்சி, மழை, ஓடும் பைக், கூட்டம் எல்லாம் இரண்டாவது படத்துக்கு இருக்கட்டும்.

திரைக்கதையை ஏ4 தாளில் வசனத்தோடு எழுதினால் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும். மூன்று பக்கம் எழுதி முடித்ததும் ஷாட் பட்டியல் போடுங்கள்: எந்த ஷாட், யார் இருக்கிறார்கள், வைடா குளோசப்பா, என்ன பொருள் வேண்டும். புதிய குழுவுக்கு ஒரு ஷாட் எடுத்து முடிக்கக் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் ஆகும். எட்டு மணி நேரத்தில் சாப்பாடு, இடம் மாற்றுவது எல்லாம் போக 20 ஷாட் எடுத்தாலே நல்ல வேகம். பட்டியலில் 45 ஷாட் இருந்தால் அது இரண்டு நாள் வேலை. எழுதும்போதே குறைத்துவிடுங்கள். மாலை வெயில் இறங்கும் நேரத்தில் அவசரமாக வெட்டினால் கதைக்கு வேண்டிய ஷாட்தான் முதலில் போகும்.

எழுத ஒரு வாரம், ஆள், இடம், கடிதம் எல்லாம் சேர்க்க இரண்டு வாரம், படப்பிடிப்பு ஒரு நாள், எடிட்டிங் ஒரு வாரம். வேலைக்குப் போய்க்கொண்டே செய்பவர்களுக்கு மொத்தம் ஐந்தாறு வாரம் பிடிக்கும்.

2. பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது

முதலில் மைக். அதன் பிறகு டிரைபாட். அதற்கும் பிறகுதான் லைட். கிம்பல் (போன் ஆடாமல் பிடிக்கும் கைப்பிடிக் கருவி), கூடுதல் லென்ஸ், ட்ரோன் எதுவும் இப்போது வேண்டாம்.

சட்டையில் குத்தும் வயர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். போன் பிடிப்பானோடு ஆட்டமில்லாத டிரைபாட் ஒன்று ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை. வெள்ளைத் தெர்மாகோல் ஷீட் இரண்டு, ஸ்டேஷனரி கடையில் நூறு, இருநூறு ரூபாயில் முடிந்துவிடும். சாப்பாடு, டீ, போக்குவரத்துக்கு ஐந்து பேர் குழு என்றால் ஒரு நாளைக்கு 1,500 முதல் 2,000 வரை ஒதுக்குங்கள். சம்பளம் வாங்காமல் வருகிறவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆக ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாயில் முதல் படம் முடியும்.

இதற்குமேல் கேமரா வேண்டும் என்றால் வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் வாடகைக் கடைகள் நிறைய உண்டு. அடையாள அட்டை, முகவரிச் சான்று, முன்பணம் கேட்பார்கள். புதியவர் என்றால் தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரையும் கேட்கலாம். பொருளை வாங்கும்போதே கடையிலேயே போட்டுப் பாருங்கள்: பேட்டரி எத்தனை, சார்ஜர் இருக்கிறதா, லென்ஸில் கீறல் உண்டா. கடைக்காரர் முன்னிலையில் போனில் ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள். திருப்பித் தரும்போது பழைய கீறல் உங்கள் கணக்கில் ஏறாமல் இருக்க இதுதான் ஒரே சாட்சி.

3. போனைப் படப்பிடிப்புக்குத் தயார் செய்வது

லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் புகைமூட்டம் தெரியும். அதை எடிட்டிங்கில் நீக்க முடியாது.

அடுத்து ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் பதிவாகின்றன என்ற கணக்கு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் தானாக 1/60 நொடி ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சத்தை வாங்கும் நேரம்) வைத்துக்கொண்டால் படத்தில் கரும்பட்டைகள் ஓடும், அல்லது வெளிச்சம் துடிக்கும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் இது நின்றுவிடும். வெளிச்சம் அதிகமிருந்தால் 1/100 வைக்கலாம். ஐபோனில் கேமரா அமைப்புகளில் வீடியோ பதிவுப் பகுதிக்குள் ‘பால்’ (PAL, 25 ஃபிரேம் முறை) வடிவங்களைக் காட்டும் தேர்வை இயக்கினால்தான் 25 ஃபிரேம் தெரியும். சாம்சங்கின் உயர் வகைகளில் ‘ப்ரோ வீடியோ’ உண்டு. இல்லாதவர்கள் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியைப் பாருங்கள். ஐபோனிலும், சில ஆண்ட்ராய்டு போன்களிலும் ஷட்டர், ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் கையால் பூட்ட அது உதவும். உங்கள் போனில் 30 ஃபிரேம் மட்டும்தான் உண்டு என்றாலும் கவலையில்லை, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் போதும். எதை வைத்தாலும் படம் முழுக்க ஒரே ஃபிரேம் ரேட்தான்.

ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) இரண்டையும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பூட்டுங்கள். சாதாரண கேமரா செயலியிலேயே பல போன்களில் நடிகரின் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டு விழும். பூட்டாவிட்டால் நடிகர் ஜன்னல் பக்கம் திரும்பும்போதெல்லாம் முகம் கறுத்து வெளுத்துப்போகும்.

படத் தெளிவு (ரெசல்யூஷன்) 4கேயா 1080பியா என்று கேட்பவர்களுக்கு: கணினி வலுவாக இல்லையென்றால் 1080பி போதும். எச்.264 கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) 1080பி நிமிடத்துக்குச் சுமார் 130 எம்.பி., 4கே சுமார் 350 எம்.பி. எடுக்கும். மூன்று நிமிடப் படத்துக்கு 45 நிமிடம் எடுப்பீர்கள் என்று வைத்தால் முதலாவதற்கு 6 ஜி.பி., இரண்டாவதற்கு 16 ஜி.பி. போனில் எப்போதும் கணக்கைப்போல் இரண்டு மடங்கு இடம் காலியாக இருக்கட்டும். எச்.265 இடத்தைப் பாதியாகக் குறைக்கும், ஆனால் பழைய கணினியில் திக்கித் திக்கி ஓடும்.

ஏரோபிளேன் மோடை மறக்காதீர்கள். பல போன்களில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும், அல்லது ஒலி மட்டும் அறுந்துபோகும்.

4. ஒலி: இங்கேதான் படம் பிழைக்கும்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் பத்து நொடியில் வெளியே போய்விடுவார். போனின் சொந்த மைக் ஆறடி தூரத்திலிருந்து எடுக்கும் குரலில் அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தமும்தான் முன்னால் நிற்கும். எனவே மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரம் சரியான இடம்.

வயர் மைக் வாங்கும்போது பிளக்கைப் பாருங்கள். போனுக்கானதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. இரண்டு வளைய பிளக்கைப் போனில் சொருகினால் போன் அதை மைக் என்றே எடுத்துக்கொள்ளாது. தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும், நீங்களும் கவனிக்கமாட்டீர்கள். பரவலாக விற்கும் போயா பி.ஒய்.-எம்1 போன்ற மைக்குகளில் போன், கேமரா என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது தவறான பக்கம் இருந்தாலும் இதே கதிதான். ஹெட்போன் துளை இல்லாத போன்களுக்கு டைப்-சி மாற்றி வாங்கும்போது பாட்டுக் கேட்க மட்டும் உதவுகிற வகையை வாங்கிவிடாதீர்கள், மைக்கையும் ஏற்கும் வகைதானா என்று கடையிலேயே சோதியுங்கள். எந்த மைக்கானாலும் சோதனை ஒன்றுதான்: பதிவை ஓடவிட்டு மைக் முனையை நகத்தால் மெல்லத் தட்டுங்கள், பிறகு திரும்பக் கேளுங்கள். டொக் டொக் என்று பெரிதாகக் கேட்டால் அந்த மைக் வேலை செய்கிறது.

கேமரா தள்ளி நிற்கவேண்டும், வயர் எட்டவில்லை என்றால் இரண்டாவது போனைக் கொண்டுவாருங்கள். மைக்கை அதில் சொருகி, குரல் பதிவுச் செயலியை ஓடவிட்டு, நடிகரின் பாக்கெட்டில் வைத்துவிடலாம். ஒவ்வொரு டேக்கின் (ஒரு ஷாட்டை எடுக்கும் ஒவ்வொரு முயற்சியின்) தொடக்கத்திலும் காட்சி எண், டேக் எண் சொல்லி, கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கைதட்டவேண்டும். எடிட்டிங்கில் கை சேரும் ஃபிரேமையும் தட்டல் ஒலியையும் பொருத்தினால் முடிந்தது. ஒயர்லெஸ் மைக் வாங்கும் பணம் இதில் மிச்சம்.

துணியைக் கவனியுங்கள். பட்டும் பாலியெஸ்டரும் அசைந்தாலே சரசரக்கும். பருத்தி நல்லது. தாலிக்கொடி, சங்கிலி, நீள நெக்லஸ் மைக்கில் உரசும், மெடிக்கல் டேப்பில் ஒட்டி ஒதுக்குங்கள். கண்ணாடி வளையல் அணிந்து கையாட்டிப் பேசும் காட்சியில் பாதி வசனம் போய்விடும். கடற்கரையிலும் மொட்டைமாடியிலும் சிறு ஸ்பாஞ்ச் உறை காற்றைத் தாங்காது, ரோமம் வைத்த உறை வேண்டும். அதுவும் தாங்காத காற்றென்றால் வீட்டுக்குள் நடக்கும்படி காட்சியை மாற்றி எழுதுங்கள்.

எடுக்கும் அறையில் ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றும் அணைந்திருக்கவேண்டும். ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடியாவது ஃபிரிட்ஜை மறுபடி போடுவீர்கள். வசனங்கள் முடிந்ததும் எல்லோரையும் அமைதியாக நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெற்று ஒலியை 30 நொடி பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே சத்தம் அறுந்து அறுந்து விழாமல் ஒட்டுப்போட அது வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழியில் விடியற்காலைப் பாட்டு, பக்கத்துக் கல்யாண மண்டபம், டீக்கடை ரேடியோ. பின்னணியில் திரைப்பாட்டு மெல்லக் கேட்டாலும் வசனத்திலிருந்து அதைப் பிரித்தெடுப்பது கடினம். யூடியூபின் தானியங்கிச் சோதனை அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து உரிமைகோரலும் (‘இந்தப் பாட்டு எங்களுடையது’ என்ற உரிமையாளரின் அறிவிப்பு) எழுப்பும். நாள் குறிக்கும் முன் அந்தத் தெருவில் அன்று என்ன விசேஷம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பாருங்கள். பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 வரை நீளும், பக்கத்துக் கடையில் ஜெனரேட்டர் ஓடினால் அந்த நாளே வீண்.

5. வெளிச்சம்

வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று கிடைத்தால் லைட்டே வேண்டாம். நேர்வெயில் அதிகம் விழாமல் பெரும்பாலும் ஒரே மாதிரி மென்மையான வெளிச்சம் வரும். நடிகரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் தெர்மாகோலைப் பிடியுங்கள். முகத்தின் நிழல் பக்கம் தெளியும். ஜன்னலை நடிகருக்குப் பின்னால் வைத்தால் முகம் கரிக்கட்டையாகும்.

வெளியில் என்றால் காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 6. உச்சிவெயிலில் கண்குழி கறுக்கும், நடிகர்கள் கண்ணைச் சுருக்குவார்கள், போனும் சூடேறி நின்றுவிடும். கோடையில் போன் உறையைக் கழற்றிவிட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து, டேக்குகளுக்கு நடுவே நிழலில் வையுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே எடுக்காதீர்கள். சூடான போனை ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு, லென்ஸுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும்.

அறையில் மஞ்சள் பல்பும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி ஆரஞ்சாகவும் மறுபாதி நீலமாகவும் தெரியும். பல்பை அணையுங்கள், அல்லது ஜன்னலை மூடுங்கள்.

6. அனுமதியும் காகிதங்களும்

பலரும் தள்ளிப்போடும் வேலை இது. படம் முடிந்தபின் கையெழுத்துக் கேட்டு அலைவதைவிட, படப்பிடிப்பன்று காலையில் காபி குடிக்கும்போதே வாங்கிவிடுவது எளிது.

நடிகர் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வேண்டும். தமிழிலேயே எழுதலாம். பெயர், முகவரி, தேதி, படத்தின் தற்காலிகப் பெயர், உருவத்தையும் குரலையும் இணையத்திலும் திரைவிழாக்களிலும் பயன்படுத்தச் சம்மதம், சம்பளம் எவ்வளவு அல்லது சம்பளமில்லை என்ற வரி, கையெழுத்து, ஒரு சாட்சி. 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட தாளை உடனே போனில் படமெடுத்துச் சேமியுங்கள்.

வீட்டில் எடுத்தால் அந்த வீட்டின் உரிமையாளரிடம் கடிதம் வாங்குங்கள். வாடகைக்குக் குடியிருப்பவரின் சம்மதம் மட்டும் போதாது, அடுக்குமாடியென்றால் குடியிருப்போர் சங்கத்துக்கும் சொல்லவேண்டும். தேதி, நேரம், எத்தனை பேர், மின்சாரம் யார் செலவு, சேதம் வந்தால் யார் பொறுப்பு எல்லாம் அதில் இருக்கட்டும்.

பொது இடங்களில் கையில் போனை வைத்துக்கொண்டு எடுப்பது வேறு, டிரைபாட் ஊன்றி லைட் வைத்து ஆள் சேர்ப்பது வேறு. இரண்டாவதற்குச் சாலை, கடற்கரை, பூங்கா எதுவானாலும் உள்ளாட்சி அலுவலகத்தையும் பகுதிக் காவல் நிலையத்தையும் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எழுத்தில் அணுகுங்கள். ரயில் நிலையம், மெட்ரோ, விமான நிலையம், துறைமுகம் ஆகியவற்றில் முன்அனுமதி இல்லாமல் முயலவே வேண்டாம். மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் வைத்து எடுக்கவோ கதைப்படம் எடுக்கவோ துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கோயிலுக்குள் போனில் எடுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கோபுரம் வேண்டுமென்றால் தெருவிலிருந்து தெரியும் கோணத்தைத் தேடுங்கள்.

ட்ரோன் ஆசை இருந்தால், ட்ரோன் விதிகள் 2021 பற்றித் தெரிந்துகொண்ட பிறகு பறக்கவிடுங்கள். 250 கிராமுக்கு மிகாத நானோ வகைக்கு இயக்குபவர் சான்றிதழ் தேவையில்லை. அதனால் எங்கும் பறக்கலாம் என்று பொருளல்ல: முன்அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில்கூட 400 அடிக்கு மேல் போகக்கூடாது, சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றி எழும்பவே கூடாது. மண்டல வரைபடம் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உண்டு.

தணிக்கைச் சான்றிதழ் பற்றி அடிக்கடி கேட்பார்கள். யூடியூபில் போடுவதற்கு அது வேண்டாம். தியேட்டரில் பொதுமக்களுக்குத் திரையிட வேண்டும் என்றால்தான் வேண்டும்.

7. படப்பிடிப்பு நாள்

காலையில் முதலில் எளிய ஷாட் ஒன்றை எடுங்கள், குழு சூடுபிடிக்கும். பிறகு வைடு ஷாட்டுகள் எல்லாவற்றையும், அடுத்து குளோசப்புகளை. கதை வரிசையில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் லைட்டையும் டிரைபாட்டையும் நகர்த்தி அரைநாள் போய்விடும்.

வசனம் தொடங்குமுன் ஐந்து நொடியும் முடிந்தபின் ஐந்து நொடியும் கேமரா ஓடட்டும். ‘கட்’ சொல்லும் கையே பட்டனையும் அழுத்தினால், நடிகரின் கடைசிப் பார்வை எடிட்டிங்கில் இருக்காது. இருவர் எதிரெதிரே பேசினால், அவர்களுக்கிடையே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையில் யாரையோ பார்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

கன்டினியூட்டிக்கு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ள, ஒருவரைத் தனியாக நியமியுங்கள். ஒவ்வொரு ஷாட் முடிவிலும் ஒரு புகைப்படம்: டம்ளரில் காபி எவ்வளவு, சட்டைக் கை மடித்திருக்கிறதா, பூ எந்தப் பக்கம், கடிகாரம் என்ன மணி. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது.

முதல் டேக் முடிந்ததும் ஹெட்போன் போட்டு ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். அதற்காக இரண்டு நிமிடம் நின்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். மற்றவர் முகம், கை, தேநீர்க் கோப்பை, தெரு, கதவு என்று சிறு துண்டுகளைத் தலா பத்து நொடி எடுத்துவையுங்கள். வசனத்தில் வெட்டு விழும் இடத்தை மறைக்க இவைதான் கைகொடுக்கும்.

8. அன்றிரவே செய்யவேண்டியது

தூங்குமுன் கோப்புகளை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள்: ஒன்று கணினி, இன்னொன்று வெளி ஹார்ட் டிஸ்க் அல்லது இணையச் சேமிப்பு. கூகுள் டிரைவில் இலவசமாக 15 ஜி.பி. உண்டு. இரண்டு பிரதியிலும் எல்லாக் கோப்பும் ஓடுகிறதா என்று திறந்து பார்த்தபிறகே போனில் அழிக்கலாம்.

வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது கோப்பைச் சுருக்கி, தரத்தைக் கெடுத்துவிடும், பிறகு மீட்க வழியில்லை. வேறு வழியே இல்லையென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், 2 ஜி.பி. வரை மூலக்கோப்பு அப்படியே போகும். கேபிள் போட்டு எடுப்பதே பத்திரம்.

கோப்புறைகளுக்குத் தேதியும் காட்சி எண்ணும் பெயராகட்டும். ‘புதியது’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயர் வைத்தால் ஒரு வாரத்தில் எது எதுவென்று தெரியாது.

9. எடிட்டிங்

போனிலேயே தொகுக்க வி.என்., கைன்மாஸ்டர் போன்றவை உண்டு. கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பு படத்தின்மேல் தன் முத்திரையைப் போடும். கணினியில் ஷாட்கட், கேடன்லைவ் இரண்டும் முழு இலவசம், சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு மிக வலுவானது, ஆனால் 16 ஜி.பி. ரேமும் நல்ல கிராபிக்ஸ் அட்டையும் இல்லாமல் அதோடு போராடாதீர்கள். லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு எச்.264 கோப்பைத் திறக்காது.

புதியவர்களைக் குழப்பும் பெரிய சிக்கல் ஒன்று: தொடக்கத்தில் சரியாக இருந்த உதட்டசைவு, போகப்போகக் குரலைவிட்டு விலகும். போன்கள் ஃபிரேம் ரேட்டைச் சீராக வைக்காமல் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏற்றி இறக்குவதே பெரும்பாலும் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்புகளைப் போட்டு, வீடியோ பகுதியில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ தேர்ந்து, நீங்கள் எடுத்த ஃபிரேம் ரேட்டையே (25 அல்லது 30) வைத்து மாற்றிக்கொண்டபின் தொகுக்கத் தொடங்குங்கள். பாதித் தொகுப்புக்குப் பிறகு இதைச் செய்தால் எல்லாவற்றையும் மறுபடி பொருத்தவேண்டியிருக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கதை ஓட்டத்துக்கான கரட்டுத் தொகுப்பு, பிறகு வசனம், பிறகு பின்னணி ஒலிகள், இசை, கடைசியில் நிறம். வசனத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். மொத்த ஒலியளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு) அருகே இருந்தால் யூடியூபில் அதிகம் மாறாது. நல்ல ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். போன் ஸ்பீக்கரில், ஃபேன் ஓடும் அறையில் ஒருமுறை கேளுங்கள், உங்கள் பார்வையாளர் அப்படித்தான் கேட்கப்போகிறார்.

டைட்டிலில் தமிழ் எழுத்து உடைவது இன்னொரு தொல்லை. சில மென்பொருள்களில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் விழும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துரு போட்டும் சரியாகவில்லை என்றால், இன்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் டைட்டிலை அமைத்து, பின்புலம் இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்து எடிட்டிங்கில் ஒட்டிவிடுங்கள்.

10. இசை: இலவசம் என்று நம்பி ஏமாறும் இடம்

‘பத்து நொடிக்குள் இருந்தால் பாட்டைப் பயன்படுத்தலாம்’ என்பது வெறும் வதந்தி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி நொடிக்கணக்கு எதுவும் கிடையாது. ‘உரிமை என்னுடையதல்ல’ என்று விளக்கக் குறிப்பில் எழுதுவதாலும் பாதுகாப்பு வராது.

ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டு நீடிக்கும். பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை தனி, படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை. ஆகவே பழைய பாட்டென்றால் பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பாரதியார் பாடல் வரிகள் பொதுவுடைமை, நீங்களே பாடிப் பதிவு செய்யலாம். அதே பாட்டைத் திரைப்படத்தில் வேறொருவர் மெட்டமைத்துப் பாடிய பதிவை எடுத்துப் போட முடியாது.

யூடியூப் ஸ்டுடியோவின் ஒலி நூலகத்தில் இலவச இசை நிறைய உண்டு. சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிடவேண்டும் என்ற நிபந்தனை இருக்கும், பதிவிறக்கும்போதே அந்த வரியை நகலெடுத்து வையுங்கள்.

நண்பர் இசையமைத்துத் தருகிறார் என்றால் அவசியம் எழுத்தில் வாங்குங்கள். பதிப்புரிமை ஒப்படைப்பு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். கடிதத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூப் உலகம் முழுக்கத் தெரிவது. எனவே ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் கடிதத்தில் இருக்கவேண்டும்.

11. யூடியூபில் ஏற்றுவது

எம்.பி.4 கோப்பு, எச்.264, ஒலி ஏ.ஏ.சி. 48 கிலோஹெர்ட்ஸ். 1080பிக்கு நொடிக்கு 8 மெகாபிட் யூடியூபே பரிந்துரைக்கும் அளவு. கொஞ்சம் கூட்டி 12 வைத்தாலும் நல்லதே. சானலைப் போன் எண்ணால் சரிபார்த்தால்தான் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவும் சொந்த முகப்புப் படமும் போடமுடியும். முகப்புப் படம் 1280க்கு 720 பிக்சல்.

ஏற்றியவுடன் ‘பப்ளிக்’ கொடுக்காதீர்கள். முதலில் ‘அன்லிஸ்டட்’ (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும் நிலை) ஆக வையுங்கள். குறைந்த தரம்தான் முதலில் தயாராகும், எச்.டி. பின்னால் வரும். அவசரப்பட்டு வெளியிட்டால் முதல் பார்வையாளர்கள் எல்லோரும் மங்கல் படத்தைத்தான் பார்ப்பார்கள். பதிப்புரிமைச் சோதனையும் அதற்குள் முடிந்துவிடும். குழந்தைகளுக்கான வீடியோவா என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லுங்கள், ஆம் என்றால் கருத்துப் பகுதி மூடப்பட்டுவிடும். தமிழ் வசன வரிகளைத் தனி எஸ்.ஆர்.டி. கோப்பாக (நேரக் குறிப்போடு வரும் எழுத்துக் கோப்பு), தமிழ் எழுத்து உடையாத யு.டி.எஃப்-8 குறியீட்டில் சேமித்து ஏற்றுங்கள்.

உரிமைகோரல் வந்தால் பதறவேண்டாம். பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போவதோடு அது முடியும், சானலுக்குக் கேடில்லை. ‘ஸ்டிரைக்’ (பதிப்புரிமை மீறலுக்கு யூடியூப் சானலுக்கு விதிக்கும் தண்டனை) வேறு. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் சேர்ந்தால் சானலே போகும், வீடியோவை அழித்தாலும் விழுந்த ஸ்டிரைக் நீங்காது.

12. வருமானம் வரத் தொடங்கினால்

500 சந்தாதாரர், 90 நாளில் மூன்று பொது வீடியோ, ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை இருந்தால் யூடியூபில் வருமானம் பெற வழிசெய்யும் கூட்டுத் திட்டத்தின் (பார்ட்னர் புரோகிராம்) முதல் படிக்கு விண்ணப்பிக்கலாம். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 4,000 மணி நேரமும் வேண்டும்.

ஆட்சென்ஸ் (யூடியூப் வருமானத்தை உங்களுக்கு அனுப்பும் கூகுள் சேவை) கணக்கில் பெயர், வங்கிக் கணக்கிலும் பான் அட்டையிலும் உள்ளபடியே இருக்கட்டும். இன்ஷியல் முன்னால், பின்னால் என்று மாறினாலே பணம் திரும்பிப்போகலாம். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் வரும். இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கிராமத்து முகவரியென்றால் கதவு எண், தெரு, அஞ்சல் அலுவலகப் பெயர், பின்கோடு எல்லாம் தெளிவாக எழுதி, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும்.

வரி விவரப் படிவத்தையும் உடனே நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலிருந்தும் 24 சதவீதம் வரை அமெரிக்க வரியாகப் பிடிக்கலாம். டபிள்யூ-8பென் (அமெரிக்கர் அல்லாதவருக்கான அமெரிக்க வரிப் படிவம்) படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின்படி சலுகை கோரினால், அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வந்த பங்குக்கு மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். படிவத்தில் ஒப்பந்தப் பலன் கேட்கும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் இந்தச் சலுகை கிடைக்காது.